ஸ்கேல் வைத்த பக்கம்

ஞாயிறு பள்ளி வாத்தியார் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் மேலதிகாரிகள் மட்டும் சபை முழுக்க உண்டு. எந்த ஊரிலாவது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர்கள் இதைப் படித்தால், நான் எழுதுவது பொய் இல்லை என்று அவர்களாவது நம்புவார்கள்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போட்டு ஓய்வு பெற்றேன். எடை மேடையில் வண்டி அசையக் கூடாது; அசைந்தால் கணக்குத் தப்பும். பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்தணியில் எங்கள் சபைப் பாஸ்டர் என்னை இந்த வேலைக்குப் பிடித்துப் போட்டதும் அந்தக் கண்டிப்புக்காகத்தான்.

கொண்டுவந்து விட்டவர்கள்

முதல் நாள் ஒரு தாய் தன் பையனின் காதைப் பிடித்தபடி வந்தார். "கண்ண மட்டும் வுட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சுடுங்கண்ணா" என்றார். பெற்றோர் எல்லோரும் இப்படி இருந்தால் வேலை சுலபம் என்று மகிழ்ந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் முனிரத்தினம். அவர் மனைவி ஜெயா எங்கள் சபைக்கு வருகிறவர். முனிரத்தினமோ கிருத்திகை தவறாமல் மலையேறி முருகனைக் கும்பிடுகிறவர். எட்டு வயது மகள் கிருபை, அம்மாவின் ஆசைக்காக எங்களிடம் அனுப்பப்பட்டவள். முனிரத்தினம் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. என் பைபிளுக்குள்ளிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்த மர ஸ்கேலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எம் பொண்ணு மேல அது பட்டுதுனா, அப்பால ஞாயித்துக்கெழமைல எங்கூட மலைக்கு வந்துடுவா சார்."

இரண்டு நிமிடம்

பைபிளில், கோயிலில் படுத்திருந்த சிறுவனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பாடம் நடத்த வேண்டிய ஞாயிறும் ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ரோட்டில் காவடியும் மேளமும் "அரோகரா"வும். உள்ளே நான், "இரண்டு நிமிடம் கண்ணை மூடி ஆண்டவர் குரலைக் கவனியுங்கள்" என்கிறேன். யோசித்துப் பாருங்கள், வாத்தியார்மார்களே.

கண் திறந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டேன். "சீக்கிரமா வுட்டுடச் சொன்னாரு சார்" என்றான் முதல் வரிசைப் பையன். ஆண்டவர் சொன்னால் உடனே கீழ்ப்படிய வேண்டும் என்று ஐந்து நிமிடம் முன்புதான் நான் போதித்திருந்தேன். அவனை விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன். கிருபை அன்று சுனில் என்ற பையனைப் புதிதாகக் கூட்டி வந்திருந்தாள். அவனிடம் எதுவும் விசாரிக்க எனக்குக் கூச்சம். பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன். கிருபையோ என்னிடம் கேட்டாள்: "ஆண்டவர் தெலுங்குலயும் பேசுவாரா சார்?"

உதாரணப் பிள்ளை

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில், "பேசாம ஒக்காரு." அவள் உட்கார்ந்தாள், ஆனால் பேசாமல் இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் நான் வாய் திறந்தால் அவளும் சுனில் பக்கம் சாய்ந்து திறந்தாள். நான் நிறுத்தினால் நிறுத்தினாள். பக்கத்தில் சுனில் ஒரு வார்த்தை பேசாமல், அசையாமல் இருந்தான். எடை மேடைக்கு ஏற்ற வண்டி. "சுனிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று எல்லோருக்கும் காட்டினேன். அவன் சிரித்தான்.

முனிரத்தினம் சொன்னது நினைவில் இருந்தது. ஆகவே என் இஷ்டத்துக்குச் செய்யாமல் ஆண்டவரிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்தேன். பிரம்பைப் பற்றிய வசனம் வந்தது. மூடித் திறந்தேன். மறுபடியும் பிரம்பு. மூன்றாம் தடவையும் பிரம்பு வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிருபையை முன்னால் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஸ்கேலால் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. போய் உட்கார்ந்து மறுபடியும் சுனிலின் காதில் ஏதோ சொன்னாள். "இப்ப என்ன பேச்சு?" என்றேன். "நீங்க ஏன் அடிச்சீங்கனு கேக்கறான் சார். எனக்குத் தெர்லனு சொன்னேன்."

மறு ஞாயிறு

ஜெயா சுனிலை மட்டும் அழைத்து வந்தார். கிருபை அப்பாவோடு மலைக்குப் போயிருந்தாள். "இவன் என் தங்கச்சி பையன்ணா. ஆந்திராவுல நகரிலேர்ந்து வந்துகீறான், தெலுங்குதான் வரும். நீங்க சொல்றத எல்லாம் கிருபதான் இவன் காதுல தெலுங்குல சொல்லிகினு இருந்தா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் உதாரணப் பிள்ளை வழக்கம்போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

பாஸ்டரின் மனைவி பாஸ்டரம்மா அருகில் இருந்தார். "நானாகச் செய்யவில்லை, மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பக்கம் வந்தது" என்று அவரிடம் முறையிட்டேன். அவர் என் பைபிளை வாங்கி ஸ்கேலை உருவினார். பைபிளை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தார். அது தானாகவே பிரிந்து விழுந்தது. அதே பக்கம். வசனங்களுக்குக் கோடு போட வருடக்கணக்காக ஸ்கேல் செருகியிருந்த இடத்தில் தையல் விட்டிருந்தது. "ஆண்டவர் எங்கண்ணா பேசினாரு? உங்க ஸ்கேல்தான் பேசிகினு இருந்திருக்கு" என்றார்.

காத்திருந்த வாரங்கள்

கிருபை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் கூச்சம். கரும்பு வண்டிக்காரர்களிடம்கூட எடைச்சீட்டை நீட்டுவதோடு சரி, பேச மாட்டேன். ஆகவே ஜெபத்தில் வைத்திருப்பதாகப் பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். இரண்டு ஞாயிறு போயின. சுனில் ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் சிரித்தான். மூன்றாம் ஞாயிறு, "போகலாமென்று ஆண்டவரிடமிருந்து இன்னும் உணர்த்துதல் வரவில்லை" என்றேன். பாஸ்டரம்மா பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடிக்கிறதுக்கு மட்டும் ஒடனே பேசறாரு, மன்னிப்புக்கு மட்டும் மூணு வாரமா ஊமையாயிடறாரா?"

கே.ஜி.கண்டிகை சவாரி

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினத்தின் ஆட்டோவைப் பார்த்தேன். அருகில் போனேன். வேறு வழி தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எங்க சார்?" என்றார். "கே.ஜி.கண்டிகை." அது அவர் ஊர். ஊர் வந்ததும், "எங்க வுடணும்?" என்றார். "உங்க வீட்ல" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை வளைத்தார்.

வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன்: அடித்தது தப்பு, விசாரிக்காதது அதைவிடத் தப்பு, கிருபை திரும்ப வர வேண்டும். முனிரத்தினம் சாவியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? அடி வாங்கனது நானா?" என்றவர், உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். கிருபை வந்து நிலைப்படியில் நின்றாள். அவளிடம் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். "போறதுனா போ, நைனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஒன் இஷ்டம்" என்றார் முனிரத்தினம் மகளிடம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கற்றுக்கொடுத்த அதே இரண்டு நிமிடம். ஆட்டோ ஓட்டுகிறவரும் எடை போட்டவரும் அந்த நேரம் முழுக்க அசையாமல் நின்றோம். கண் திறந்து சொன்னாள்: "ஆண்டவர் ஒண்ணும் சொல்லல சார். ஆனா சுனிலு பாவம், வரேன்."

ஸ்கேலை எடுத்த பிறகும் என் பைபிள் அதே பக்கத்தில்தான் பிரிகிறது. ஆகவே இப்போதெல்லாம் நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் அதைத் திறக்கிறேன்.