கிளிக்கு மாதச் சந்தா

அந்த அமாவாசை சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சென்டரை நடத்தும் அண்ணன் கல்லாவுக்குப் பின்னால், பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் என் சிநேகிதன் ஸ்டூலில், நான் முதல் கேபினில். நான்காவது ஆள் அங்கே இல்லை. அவன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அன்றைக்குப் பேச்சு முழுக்க அவனைப் பற்றித்தான். அவனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதையைச் சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவு திறந்ததா, காவல்காரன் விழித்துக்கொண்டானா என்பதைப் பகடைக் கட்டையை உருட்டித் தீர்மானிக்க வேண்டும். கல்லூரி விடுதியில் நான் கற்றுக்கொண்டு வந்து ஊரில் பரப்பியது அது. ஷார்ஜாக்காரன் அப்போது ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா இருந்தான், ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாக ஆடினான். அவன் விமானம் ஏறியதும் ஆட்டம் நின்றுபோனது. பிறகு இணையத்தில் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தேன். அதில் திரையே மேசை. மேலே படத்தை விரிக்கலாம், காய்களை நகர்த்தலாம், கட்டையும் உருட்டலாம். எந்த ஊரில் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே மேசை தெரியும். பக்கத்தில் எழுதிப் பேசிக்கொள்ளலாம். இலவசம்.

மேசைக்கான கோட்டையை டிசைன்காரன் வரைந்தான். சேலை பார்டர் போடுகிற அதே கிராஃப் தாளில், அதே பென்சிலில். தாள் நீளமாக இருந்ததால் ஆறு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டினோம். காய்களுக்குப் புடவையிலிருந்தே உருவங்களை எடுத்தான். அண்ணனுக்கு யானை, தனக்கு மயில், ஷார்ஜாக்காரனுக்குக் கிளி. கதை சொல்கிற எனக்குக் காய் கிடையாது.

ஆட்டம் அமாவாசைக்கு அமாவாசைதான். எங்கள் ஊரில் தறி நிற்கிற நாள் அது, டிசைன்காரனுக்கும் அன்றுதான் முதலாளி லீவு விடுவார். ஷார்ஜாவில் அமாவாசைக்கு யார் லீவு கொடுப்பார்கள்? அவன் அம்மா கொடுத்தனுப்பிய தினசரி காலண்டரைப் பார்த்து, அது எங்கள் சாமி நாள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி, அங்கே வார லீவான வெள்ளிக்கிழமை வேலை செய்து அந்த நாளை வாங்கிக்கொள்வான். எந்தச் சாமி என்று அவர் கேட்டாராம். கோட்டைச் சாமி என்று சொன்னானாம். இதை அவன் எழுதியதைப் படித்து அண்ணன் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அன்று மேசையைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிவரை படித்தவன் நான். மருந்துச் சீட்டோ பேங்க் கடுதாசியோ, இங்கிலீஷில் எது வந்தாலும் தெருவே என்னிடம் நீட்டும். ஒரு வரி விடாமல் படிப்பது அப்படிப் பழகிய பழக்கம். இனிமேல் இலவச மேசையில் மூன்று பேர்தான் உட்காரலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதம் பத்து டாலர் சந்தா, இதுதான் விஷயம். நாங்கள் மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டிருந்தோம். நான்காமவனுக்கு மேசை நிரம்பிவிட்டது என்று காட்டியிருக்கும்.

"பத்து டாலர்னா இன்னா ஆவும்?" என்றார் அண்ணன்.

"ஐநூறு ரூபா கிட்ட ஆவும்ண்ணா."

"அட போடா! கேபிளுக்கே நூறுதான் குடுக்கிறேன். அதுல படம் வேற போடறான்."

டிசைன்காரன் ஒரு வழி சொன்னான். "நானும் அண்ணனும் ஒரே பேர்ல உக்காந்துக்கிறோம்டா. ரெண்டு பேரும் இங்கதானே கீறோம்."

நான் விதிகளைப் படித்துக் காட்டினேன். ஒரு பெயருக்கு ஓர் ஆள், மீறினால் மேசையையே மூடிவிடுவார்களாம். அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு ஆரணியில் ஒரு ஸ்டூலில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான். இருந்தாலும் எழுதியிருந்ததை மீற என்னால் முடியவில்லை. அண்ணனும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் யானைய நான்தான் தள்ளுவேன். இவன் கையில குடுத்தா அகழியில எறக்கிடுவான்."

மிச்சமிருந்தது ஒரே வழி, கிளியை எடுத்துவிடுவது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். போனில் பேசினால் மூன்று நிமிடத்தில் காசு தீர்ந்து பாதி வார்த்தையில் அறுந்துபோகும். கடிதம் எழுதும் பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை. எங்களுக்குள் மிஞ்சியிருந்தது அந்த மேசைதான். அதிலிருந்தும் எழுப்பிவிட்டால் அவன் ஒரேயடியாகப் போய்விடுவான் என்று பயந்தேன்.

பணத்தைவிடப் பெரிய பேஜார் கார்டு. எங்கள் மூன்று குடும்பத்திலும் கிரெடிட் கார்டைக் கண்ணால் பார்த்தவர்கள் கிடையாது. சென்னையில் கம்பெனி வேலையில் இருந்த அக்கா வீட்டுக்காரரிடம் ஒன்று இருந்தது. சென்டர் வாசலில் நின்று போன் போட்டேன்.

"இன்னா மாப்ள, தாயம் ஆட டாலர் கேக்குதா?"

"தாயம் இல்ல மாமா. கதை..."

"கதைதான் விட்டுகினு கீறியே இப்போ." பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது: "வேலைக்கு அப்ளிகேஷன் போட கேக்கிறான்னு நெனச்சேன். இன்னும் புள்ளயாவே கீறான் பாரு." பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் சாராக இருந்ததை அக்கா வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை. மாமா சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னார். "படிச்ச புள்ள நீ. எப்ப நிறுத்தணுமோ நிறுத்திடு. நான் பாத்துகினு இருக்க மாட்டேன்."

நிறுத்தும்வரை மாதாமாதம் தானாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் படித்திருந்தேன். அண்ணன் நம்பவில்லை. "ஆளு வந்து கேக்காம எவன்டா காசு எடுப்பான்? கட்டலன்னா கட் பண்ணுவான், அவ்ளோதான்." நான் காலண்டரைப் புரட்டினேன். அடுத்த அமாவாசை சந்தா முடிவதற்கு ஒரு நாள் முன்னால் வந்தது. ஒரு மாதக் காசில் இரண்டு அமாவாசை! இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தோம். உலகத்தை ஏமாற்றிவிட்டதைப்போல டிசைன்காரன் மூன்று டீ சொன்னான்.

இடம் ரெடி, வா என்று ஷார்ஜாவுக்குச் செய்தி அனுப்பினேன். அரை மணி கழித்து வந்தான். எப்போதும் வந்ததும் அண்ணனை வம்புக்கு இழுப்பவன், அன்று "எதுக்குடா காசு கட்டினீங்க" என்று மட்டும் எழுதினான். பாசத்தில் கேட்கிறான் என்று நினைத்து எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அகழியின் கரைவரை கிளியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நேரமாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போனான்.

இரண்டாவது அமாவாசைக்கு அவன் வரவில்லை. யானையும் மயிலும் கோட்டை வாசலில் நின்றன, கிளி அகழிக் கரையில் நின்றது. கரண்ட் போய், யுபிஎஸ் கத்தி, மறுபடி கரண்ட் வந்து, மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நிறுத்துகிற பக்கத்தைத் திறந்தேன். நான்காவது ஆளின் பெயரும் காயும், அவர் இதுவரை எழுதிய எல்லாமும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. கோட்டைச் சாமி எழுத்தும் அதில் சேர்த்தி.

"அழிச்சிடுவானா?" என்றான் டிசைன்காரன்.

"ஆமா."

"வுடு. அடுத்த அமாவாசைக்கு வந்துடுவான். டூட்டி மாத்தியிருப்பான்."

பக்கத்தை மூடினேன். அடுத்த அமாவாசையும் அப்படித்தான் போனது. அதற்கடுத்த இரண்டும். மிஸ்டு கால் கொடுத்தால் டூட்டி என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வரும். மாதம் ஒருமுறை மாமாவின் கார்டிலிருந்து காசு போய்க்கொண்டிருந்தது, அது எனக்குத் தெரியும். பாடம் எடுக்கும்போது நடுவில் அது ஞாபகம் வந்து போர்டில் எழுதுவதை நிறுத்திவிடுவேன். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போனால் கை வராது. நிறுத்தினால் அவனை நானே எழுப்பிவிட்டதாகிவிடும். நிறுத்தாமல் இருந்தாலும் அவன் வரப்போவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான். நண்பனின் போன், காசு தீராது என்றான். எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"டேய், கேம்ப்ல நெட்டு இல்லடா. மெயின் ரோட்டுக்கு ஷேர் டாக்சி புடிச்சிப் போவணும். அங்க மணிக்கு இவ்ளோன்னு வாங்குவான். ஆட்டம் மூணு மணி நேரம். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ரூம்ல எவன்கிட்டனா கேக்கணும்."

"சொல்லவே இல்லியேடா."

"இன்னான்னு சொல்றது? நான் வரலன்னா உங்க ஆட்டம் நின்னுடும்னு வந்துகினு இருந்தேன். அன்னிக்கு மேசை ரொம்பிடுச்சின்னு காட்டிச்சி பாரு, அப்பாடான்னு இருந்துச்சு. தளத்துக்காரனே வழிய வுட்டுட்டான்னு டாக்சில ஏறி உக்காந்துட்டேன். அப்பதான் உன் மெசேஜி. எறங்கி திரும்பி வந்தேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ ஒரு வார்த்த கேட்டியா? எனக்காகக் காசு கட்டிட்டு வாடான்னா, வராம இருந்தா நான் மனுசனா? வரதுக்கும் வழி இல்ல. அதான் டூட்டி டூட்டின்னு சொல்லிகினு இருந்தேன். எடுத்துடுடா என்னை. கோச்சுக்க மாட்டேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரில் மழையா என்று கேட்டான். மழை என்றேன். வைத்துவிட்டான்.

மறுநாள் மூன்று பேரும் சென்டரில் கூடினோம். அமாவாசை இல்லாத நாளில் மேசையைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதைக் கேட்ட அண்ணன் வெகுநேரம் கல்லாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டிசைன்காரன் மட்டும், "அழிக்கறதுக்கு முன்ன அவன கோட்டைக்குள்ள சேத்துடுடா. நீதான் கதை சொல்றவன், உன்னால நகத்த முடியும்" என்றான்.

"கட்டை உருட்டாமயா?" என்றார் அண்ணன். "அவனே ஒத்துக்க மாட்டான்."

அகழியைத் தாண்டப் பத்துக்கு மேல் விழ வேண்டும். அவன் பெயரில் நான் உருட்டினேன். நான்கு விழுந்தது. இன்னொரு தடவை உருட்டு என்று யாரும் சொல்லவில்லை. கிளி அகழியின் வெளிக்கரையிலேயே நின்றது. சம்மதம் என்பதை அழுத்தினேன். யானையும் மயிலும் இருந்தன, கிளி இருந்த கட்டம் காலியாக இருந்தது. மூன்று பேர் ஆடுகிற மேசை எங்களுக்கு மறுபடியும் இலவசமாகக் கிடைத்தது. அதில் நாங்கள் ஒருமுறைகூட ஆடவில்லை.

மாமா கார்டு பில்லைப் பார்த்துக் கூட்டிச் சொன்னார். திட்டவில்லை. "அஞ்சு மாசம் எடுத்திருக்கான் மாப்ள. நீ படிச்சுப் பாத்துதானே கட்டினே?" என்றார். படித்துப் பார்த்துத்தான் கட்டினேன். மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தோம். கணக்கை எப்படியோ தெரிந்துகொண்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஷார்ஜாக்காரன் தன் கால் பங்கையும் கொடுத்தனுப்பியிருந்தான். அவன் அம்மா நேரில் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொண்டேன். ஆளுக்கு அறுநூற்றுப் பத்து. மொத்தம் இரண்டாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.