ஜாடி வேறு, மூடி வேறு

பிணவண்டி ஓட்டுகிறவர் எந்த வீட்டிலும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் சின்னவர் வேலை முடிந்ததும் தலையை மட்டும் தாழ்த்திவிட்டு வண்டியில் ஏறிக்கொள்வார். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், தன் வீட்டிலிருந்தும் சொல்லாமலே கிளம்புவார். "ஏங்க, நான் உயிரோடதான் இருக்கேன், சொல்லிட்டுப் போனா என்னவாம்?" என்று மனைவி வாசல்வரை வந்து கத்துவாள்.

வண்டி அண்ணனுடையது. அண்ணனைப் பெரியவர் என்றும் இவரைச் சின்னவர் என்றும் தெருவே கூப்பிட்டது. பெரியவர் கல்லைக்கூடப் பேசவைத்துவிடுவார். சாவு வீட்டுக்காரர்களிடம் பேசுவது, நேரம் குறிப்பது, வண்டிக்கு என்ன வேண்டுமோ வாங்கிப் போடுவது எல்லாம் அவர் பாடு. ஓட்டுவதும் துடைப்பதும் சின்னவர் பாடு. சின்னவர் ஓட்டுவது ஆமை வேகம். யாராவது முணுமுணுத்தால், "உள்ள இருக்கிறவருக்கு என்னங்க அவசரம்?" என்பார். சாவியைத் திருப்புவதற்கு முன் கண்ணை மூடி, "ஆண்டவனே, இவரை நல்லபடியா சேர்த்துக்கோ" என்று வேண்டிக்கொள்வார். இறந்தவர் யாரைக் கும்பிட்டவர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிற வேலை கடவுளுடையது என்று விட்டுவிடுவார்.

எல்லாம் ஒரு மூடியில் வந்து நின்றது.

ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் எண்ணெய்க்கு, இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா உண்டு. ஒருநாள் பெரியவர் பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளவு பார்க்கிறேன் என்று அதன் மூடியைக் கழற்றி இன்ஜின் மேலேயே வைத்தார். பேச்சு சுவாரசியத்தில் அப்படியே பானெட்டைச் சாத்திவிட்டார். அன்றைய பயணம் முடிந்து பார்த்தால் மூடி இல்லை. வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அண்ணி அடுப்படியிலிருந்து ஒரு பாலிதீன் பையும் ரப்பர் வளையமும் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கட்டி இரண்டொரு நாள் ஓட்டினார்கள். பிறகு பெரியவர் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஏதோ ஒரு வேனிலிருந்து மூடி கழற்றிவந்து திருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தியாடா? உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் மாதிரி, ஜாடிக்கேத்த மூடி!" என்று தம்பி முதுகில் தட்டிச் சிரித்தார். சின்னவரும் சிரித்தார்.

அந்த மூடியில் 'ஏ.டி.எஃப்' என்று அச்சாகியிருந்தது. தானாக கியர் மாறும் வண்டிகளின் கியர்ப்பெட்டிக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய் அது. எத்தனையோ வண்டிகளில் ஸ்டியரிங்குக்கும் அதுவேதான். அந்த வண்டிகளுக்கு அதனால் ஒரு குறையும் வராது. பெரியவர் ஒரு கேன் சிவப்பு எண்ணெய் வாங்கிவந்து, "குறையும்போது ஊத்து. மூடியிலேயே போட்டிருக்கான் பாரு" என்றார். அண்ணன் சொன்னால் சின்னவருக்கு மறுபேச்சு கிடையாது. குறைந்தபோதெல்லாம் ஊற்றினார். ஊற்ற ஊற்றக் குறைந்தது.

சில மாதங்களில் ஸ்டியரிங் முனகத் தொடங்கியது. பிறகு திருப்பத்துக்குத் திருப்பம் ஊளையிட்டது. சக்கரத்தை வளைப்பதற்குள் சின்னவருக்கு வலது தோள் கழன்றுவிடும் போலிருக்கும். ஒரு வீட்டில் கிழவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது வண்டி ஓவென்று அலறியது. பின்னால் வந்தவர்களில் ஒருவன், "பெத்த பிள்ளைங்க அழல, வண்டியாவது அழுவுது" என்றான். துக்கத்தை மறந்து நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சின்னவர் காது மடல்வரை கூசிப்போனார்.

செய்தி பெரியவருக்குப் போயிற்று.

"வண்டிய என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஸ்டியரிங் இறுக்குதுண்ணே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சக்கரத்தை ஒரேயடியா ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டே நின்னா எண்ணெய் தள்ளுற பம்ப்பு எத்தனை நாளு தாங்கும்?"

சின்னவர் தாமாகவே பம்ப்பு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனார். மெக்கானிக் டப்பாவுக்குள் விரலை விட்டுத் துணியில் தேய்த்துப் பார்த்தார். சேற்று நிறம்.

"இதுல சிவப்பு ஊத்தினது யாரு? இந்த வண்டிக்குப் பச்சை எண்ணெய்தான். ரெண்டும் கலந்து உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போச்சு. அதான் ஒழுகுது, நுரைக்குது, கத்துது."

"மூடியில போட்டிருக்கேங்க."

மெக்கானிக் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது இந்த வண்டி மூடியே இல்ல."

சின்னவருக்கு அப்போதுதான் அந்தப் பாலிதீன் பை ஞாபகம் வந்தது.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். கூடத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய புது மாப்பிள்ளை. வேலை இல்லாமல் இருந்த மாப்பிள்ளைக்கு ஏதாவது ஒரு வழி பண்ண வேண்டும் என்று மகள் அழுதுகொண்டிருந்த சமயம் அது. அண்ணி கதவோரம் நின்றாள்.

"அண்ணே, மூடி மாறிப்போச்சாம். நீங்க இரும்புக் கடையிலேருந்து கொண்டாந்தீங்களே, அது வேற வண்டியோடதாம்."

"நானா? நான் எங்கடா மூடி கொண்டாந்தேன்?"

"அண்ணி பை குடுத்தாங்களே, ரப்பர் போட்டுக் கட்டினோமே..."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் நினைவில்ல தம்பி" என்றாள்.

"எண்ணெய் ஊத்தினது யார் கை?" என்று பெரியவர் கேட்டார்.

சின்னவர் பொய் சொல்லிப் பழகாதவர். "என் கைதாண்ணே."

"அப்ப முடிஞ்சுது. சாவியை மாப்பிள்ளைகிட்ட குடு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சின்னவர் சாவியை வைத்துவிட்டு, "வர்றேண்ணே" என்றார். வருஷக்கணக்கில் வாயில் வராத சொல் அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு சின்னவர் ஒரு குடோன் வாசலில் கதவு திறந்து மூடும் வேலைக்குப் போனார். வண்டி போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. அண்ணன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, 'உன் மேல தப்பில்லடா' என்று சொன்னால் போதும். அதைத்தான் தினமும் சாமியிடம் கேட்டார். "சாமிக்கு வேற வேலை இல்லையா? மூடி விஷயத்துக்கெல்லாம் சாட்சிக்கு வருமா?" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு, அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள்.

பெரியவர் வண்டிக்குப் பம்ப்பை மாற்றினார் என்று கேள்வி. மூடியை மாற்றவில்லை. மாற்றினால் தம்பி சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே.

அந்தச் சொல் வராமலே ஒருநாள் காலையில் செய்திதான் வந்தது. பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சின்னவர் ஓடினார். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கால்மாட்டில் நின்றார். அண்ணி எழுந்து வந்தாள். "தம்பி, அவரை நீங்களே ஓட்டிக் கொண்டுபோங்க. மாப்பிள்ளை ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடும்" என்றாள்.

அவர் இருக்கையில் ஏறினார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். வழக்கத்தை மீறி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்; மாப்பிள்ளையும் மகளும் பின்னால் அண்ணனோடு.

முதல் திருப்பத்தில் வண்டி ஊளையிட்டது. பழைய அதே ஊளை. சின்னவர் கை ஒரு நொடி நின்றது. இரண்டாவது திருப்பத்தில் இன்னும் பெரிதாக அலறியது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"மூடி அவரு கொண்டாந்ததுதான் தம்பி. எனக்கு நல்லா நினைவிருக்கு."

சின்னவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார்.

"அன்னிக்கு என்னால சொல்ல முடியல. பொண்ணு வாழ்க்கை..."

"இப்ப யார் காதுல விழணும்னு சொல்றீங்க அண்ணி?" என்றார் அவர். கடைசித் திருப்பத்தை இரண்டு கையாலும் இழுத்து வளைத்தார். தோள் சுரீரென்றது. அத்தனை பேர் அழுகையையும் அமுக்கிக்கொண்டு வண்டி அழுதது.

எல்லாம் முடிந்து மயானத்துக்கு வெளியே வந்தபோது மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கி வைத்திருந்தார். கையில் சிவப்பு எண்ணெய் கேன்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு சின்ன மாமா. அதான் கத்துது. இது ஊத்தலாமில்ல?"

"மூடியில என்ன போட்டிருக்கு மாப்ளே?"

"ஏ.டி.எஃப்னு போட்டிருக்கே."

சின்னவர் சாவியை அவர் கையில் வைத்தார்.

"அப்புறம் என்ன? ஊத்துங்க."

யாரிடமும் சொல்லாமல் நடந்தார்.