சித்தப்பாவுக்காக ஒரு பாவசங்கீர்த்தனம்

முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாரான வருடம் எனக்கிருந்த ஒரே கவலை, என்னிடம் பாவம் போதவில்லை என்பதுதான். முதல் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்ல மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். எனக்குத் தம்பியைக் கிள்ளியதும், பெரிய வெள்ளியன்று பொம்மிடி ஸ்டேஷனில் ஒருசந்தி விரதம் மறந்து போண்டா தின்றதும்தான் தேறின.

சித்தப்பா இறந்து அப்போது ஏழு மாதம். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. முந்தின நாள் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் முறைக்காக அப்பா அவரிடம், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று கத்தியிருந்தார். அது அடிக்கடி நடப்பதுதான். மறுநாள் இருவரும் ஒரே பைக்கில் போவார்கள். அந்த முறை போகவில்லை.

அதன் பிறகு அப்பா கோயிலுக்குள் வருவதில்லை. எங்களை இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே புங்க மரத்தடியில் நிற்பார். பைக்குக்குக் காவல் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மறைக்கல்வி டீச்சர், தற்கொலை செய்தவர்களுக்கு மோட்சம் கிடையாது, மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் பண்ண அவர்களுக்கு நேரமே இல்லையே என்றார். தேர்த் திருவிழாவில் என்னைத் தோளிலேற்றித் தேர் காட்டியவர் நரகத்திலா?

"டீச்சர், நேரமில்லாதவங்களுக்கு வேற யாராச்சும் சொல்லலாமுங்களா?"

"பேசாம மந்திரத்தப் படி" என்றார். கூடாது என்று சொல்லவில்லையே!

அந்தச் சனிக்கிழமை முழங்காலில் நின்று என் இரண்டு பாவங்களையும் மளமளவென்று ஒப்பித்தேன். "இன்னொன்னு இருக்குங்க ஃபாதர். அது என்னுது இல்லீங்க, எங்க சித்தப்பாவுது. அவரா உசுர விட்டுட்டாருங்க. சொல்ல நேரமில்லாம போச்சுங்க."

ஃபாதர் தூங்கிவிட்டாரோ என்று நடுவிலிருந்த வலைத்தட்டி வழியே எட்டிப் பார்த்தேன்.

"கடைசி நொடியில உங்க சித்தப்பா ஆண்டவர்கிட்ட என்ன பேசினாருன்னு டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது பாப்பா. ஆண்டவருக்குத் தெரியும். அவர் கைவிடமாட்டாரு."

"அவரு பாவத்துக்கு அபராதமா எத்தனை மந்திரம் சொல்லணுங்க?"

"ஒரு அருள் நிறைந்த மரியே. வூட்ல எல்லாருமா சேர்ந்து சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் பைக் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். துணியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னாரு? மறுபடி சொல்லு கண்ணு."

சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். அந்தக் கடைசி நொடியைப் பற்றிச் சொன்னதை மட்டும் மூன்றாம் தரமும் கேட்டார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அன்று மந்திரத்தின் பாதியில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. மீதியை நாங்களே முடித்தோம்.

மறுநாள் பூசைக்கு முன் அப்பா கோயிலுக்குள் வந்தார். நேராகப் போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் கடைசி ஆளாக நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. சித்தப்பாவின் பாவத்தை நான்தான் சொல்லிவிட்டேனே, அபராதமும் தீர்த்தாகிவிட்டது. அப்பாவுக்கு அங்கே என்ன வேலை?