அப்பா திரும்பப் பெற்ற சாட்சி

அப்பா ஏசுதாசன் முப்பத்தொரு வருடம் புளியங்குடி கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரித்தார். போன செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்தோம். நினைவு ஆராதனையில் அப்பாவின் விசுவாசத்தைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டார். நான்கு வருடத்துக்கு முன் அம்மா போனதோடு என் நம்பிக்கையும் போய்விட்டது. பொய் சொல்ல முடியாது. அப்பாவை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்தபோது, கர்த்தர் அவளைச் சுகமாக்கிவிட்டார் என்று அப்பா சபையில் சாட்சி சொன்னார். அடுத்த மாதம் ஸ்கேனில் நோய் பரவியிருந்தது. அந்த ஞாயிறு அவர் மறுபடி எழுந்தார்.

"போன மாசம் சொன்னது தப்பு. திரும்ப எடுத்துக்கிடுதேன். ஆனா ஜெபத்துல அவர் என் பக்கத்துல இருந்தார். அதை எடுக்க மாட்டேன்."

அதுவரை எங்கள் சபையில் சாட்சியை யாரும் திரும்பப் பெற்றதில்லை.

ஆராதனை முடிந்து அப்பாவும் நானும் தென்காசியிலிருந்து மேலகரம் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். குற்றாலம் சீசன் கூட்டம், வண்டி நகரவில்லை. நான் சண்டை பிடித்தேன்.

"ஒண்ணு தப்புன்னா மத்தது மட்டும் எப்படிப்பா சரி? எதை வச்சு நம்புதிய?"

"எதையும் வச்சு இல்லட்டி. சாறுள்ள காயா, சக்கையான்னு எதை வச்சுச் சொல்லுதேன்? கையில எடுத்தா தெரியுது."

"கை தப்பினதே இல்லையா?"

"எத்தனையோ தடவை. வெட்டிப் பார்ப்போம். தப்புன்னா ஒத்துக்கிடுவோம். அதுக்குன்னு கையை வெட்டிரவா?"

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "அண்ணாச்சி, கை இருக்கட்டும். அதை விட்டு டிக்கெட்ட எடுங்க. கண்டக்டர் நிக்காரு."

மென்பொருள் சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு சோதனையும் சோதிக்காத ஏதோ ஒன்றின் மேல்தான் நிற்கிறது. அது எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை.

அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து அப்பாவிடம் கேட்டேன்.

"வெட்டிப் பாத்தியளா?"

"பாத்தேன். ரொம்ப நாள் ஒண்ணும் தெரியல. இப்போ அவர் பக்கத்துல இருக்கது கொஞ்சம் தெரியுது."



நேற்று நினைவு ஆராதனையில் எழுந்தேன்.

"ஆண்டவர் பக்கத்தில் இருந்தார் என்று அப்பா சொன்னார். தப்பாகச் சொன்னதை எல்லார் முன்னாலும் தப்பு என்று சொன்ன மனுஷன் அவர். இதை மட்டும் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. அதனால் என்னால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆண்டவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது."

பின்பெஞ்சில் யாரோ பழக்கத்தில் ஆமென் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.