கருவாடு ஒட்டிய பலகை

என் தம்பிக்கு ஏழு வயதாகும்வரை அவனுடைய கதை முழுவதையும் நாங்களே கதைத்துக்கொண்டிருந்தோம். பசிக்கிறதாம் என்பார் உம்மா. நித்திரை வருகிறதாம் என்பார் வாப்பா. சும்மா அடம் பிடிக்கிறான் என்பேன் நான். அவனோ ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டான். பிறந்ததிலிருந்து அவன் வாயில் ஒரு சொல் வந்ததில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கும். பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோவின் பாட்டு கற்பிட்டிச் சந்தியில் எழும்பும்போதே எங்கள் கேற்றடியில் அவன் நிற்பான்.

வாப்பாவின் ராத்தாவான பெரிய மாமிக்கு இது போதவில்லை. வரும்போதெல்லாம், "வெளங்கினாத்தானே புள்ள கதைக்கிற" என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். உம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்குக் குசினியில் சட்டி பானைகள் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசும். மகனுக்கு எல்லாம் விளங்குகிறது என்பது உம்மாவுக்குத் தெரியும். அதை இன்னொருவருக்குக் காட்டத்தான் கையில் ஒன்றும் இல்லை.

அவன் போய்வந்த பள்ளிக்கூடத்து விசேட கல்விப் பிரிவின் டீச்சர் ஒரு கட்டுப் பட அட்டைகளைத் தந்தார். என்ன வேண்டுமோ அந்தப் படத்தை எடுத்து நம் கையில் தரப் பழக்க வேண்டுமாம். அவை எந்தக் குளிர் நாட்டிலிருந்து வந்தனவோ, கம்பளித் தொப்பியும் பனியில் சறுக்கும் வண்டியும் இருந்தன. மீன் என்று காட்டியது, தட்டில் எலுமிச்சைத் துண்டோடு கிடந்த ஏதோ ஒரு சிவப்புச் சதை. தம்பிக்கு உலகம் மூக்கு வழியாகத்தான் போகும். சோறு, புத்தகம், வீட்டுக்கு வரும் விருந்தாளி, எல்லாவற்றையும் மோந்து பார்த்த பிறகுதான் மறுவேலை. மீன் அட்டையையும் மோந்தான், நக்கினான், பிறகு கிணற்றுக்குள் போட்டான்.

தண்ணீர் அள்ளிய வாளியில் அந்த அட்டை வந்தபோது பக்கத்தில் நின்றவர் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா. பைபர் படகுகள் திருத்துவது அவர் தொழில். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கடல்ல பட்ட மீன் ராத்தா? எங்கட புள்ளைக்கு எங்கட சாமானக் குடுத்துப் பாப்பமே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. படகில் வெட்டி எடுத்த பைபர் தகட்டை மாமா கை கீறாதபடி தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். மிஞ்சிய படகுப் பெயின்ற்றையே அடித்ததால் பலகை கடும் நீலம். படகென்றால் இலக்கம் வேண்டும் என்று மூலையில் ஒரு இலக்கமும் எழுதினார். கிழித்தால் கர்ரென்று சத்தம் போடுமே, அந்த ஒட்டுப்பட்டியை என் பழைய புத்தகப் பையிலிருந்து உம்மா வெட்டி எடுத்தார். பிறகு ஆளாளுக்கு ஒரு அடையாளம் தேடினோம். உம்மாவுக்கு அவருடைய முக்காட்டின் ஓரம். வெங்காயத் தோட்டம் செய்யும் வாப்பாவுக்குச் சாக்குத் துண்டு. அதை மோந்தால் வாப்பாவேதான். எனக்குத் தேங்காயெண்ணெய் ஊறிய என் சிவப்பு ரிப்பன். தம்பிக்கு அவனுடைய சட்டைப் பொத்தான். 'ஓம்' என்பதற்குப் பெருநாள் சட்டையின் வெல்வெட், 'இல்லை' என்பதற்குப் படகு தேய்க்கும் மண்தாள்.

மீனுக்கு என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. கற்பிட்டியில் அதையெல்லாமா யோசிப்பார்கள்? கட்டாக் கருவாட்டில் ஒரு துண்டை வலைக் கண்ணிக்குள் வைத்துத் தைத்து ஒட்டினோம். இப்போது பிள்ளைகளுக்கு இப்படிப் பலகை செய்து கொடுப்பதுதான் என் தொழில். வீட்டில் பூனை இருக்கிறதா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

முதல் கிழமை முழுவதும் தம்பி எதையும் கேட்கவில்லை. கர், கர் என்று பிய்த்து ஒட்டி, பிய்த்து ஒட்டிச் சந்தோஷப்பட்டான். எங்கள் சாம்பல் பூனையோ பலகைக்கு முன்னால் பக்தியோடு உட்கார்ந்திருந்தது. பிறகு ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரம் கருவாட்டைப் பிய்த்து உம்மாவின் கையில் வைத்தான். உம்மா அடுப்பில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டுக் கருவாடு பொரித்தார். அதன்பின் மூன்று வேளையும் கருவாடுதான். பெரிய மாமி மட்டும் அசையவில்லை. "பூனையும்தான் கருவாடு கேக்குது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை குர்ஆன் ஓதும் பள்ளிக்கூடத்திலிருந்து நான் வாசலில் காலை வைக்கும்போது உம்மா பலகையின் முன்னால் நின்றார். கருவாடு இருந்த இடம் காலி. கதிரைக்குக் கீழே பூனை, வலைத் துண்டோடு சேர்த்து எதையோ மென்றுகொண்டிருந்தது. தம்பியின் விரல்கள் நாறின.

"கருவாடு எங்க மகன்? யாரு எடுத்த?" உம்மா பொத்தானைக் காட்டினார். "நீயா?"

தம்பி பூனையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்து, அதைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு மண்தாளைக் கர்ரென்று பிய்த்து உம்மாவின் கையில் வைத்தான். அதோடு விடவில்லை. என் சிவப்பு ரிப்பனையும் பிய்த்து அதன்மேல் வைத்து, காலியான இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான்.

"பொய் உம்மா. நான் இப்பதானே ஓதிட்டு வாறன்."

"ஓம் மகள், பொய்தான். பச்சப் பொய்" என்று சொன்ன உம்மா அவனைக் கட்டிப் பிடித்துச் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். தோட்டத்திலிருந்த வாப்பாவுக்குப் போன் எடுத்து, "உங்கட மகன் பொய் சொல்லிட்டான்" என்றார். வாப்பா மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தார். மாமா பெயின்ற் கையோடு வந்தார். பெரிய மாமியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் உம்மா திரும்பவும் கேட்க, தம்பி கொஞ்சமும் வெட்கப்படாமல் திரும்பவும் என் ரிப்பனையே நீட்டினான்.

"பொய் சொல்ற எண்டா எவ்வளவு வெளங்க வேணும்" என்றார் உம்மா, சுவரைப் பார்த்து.

மாமி கதிரையில் இருந்தபடியே தம்பியின் தலையைத் தடவினார். "களவெடுத்துப்போட்டு மத்த ஆளக் காட்டுறான். இவன்ட வாப்பாவும் சின்னதுல இப்பிடித்தான்" என்றார். வாப்பா இவ்வளவு பெருமையாக நெஞ்சை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

அன்று பெருநாளைப் போல வட்டிலப்பம் அவித்தார்கள். பொய் சொன்னவனுக்கு முதல் துண்டு. நாள் தவறாமல் ஓதி, உண்மை பேசி வந்த எனக்கு ஓரத்துத் துண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பலகையிலிருந்து என் ரிப்பனைப் பிய்த்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

காலையில் கண் விழித்தபோது தம்பி என் பாய்க்குப் பக்கத்தில் இருந்தான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகையில் வைத்து அழுத்தினான். அங்கே இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. கருவாட்டின் இடத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. என் இடத்தில்தான் என் கையை வைத்து அழுத்தினான். நான் இழுத்துக்கொள்ள, மறுபடி பிடித்து வைத்தான். என் தலையை மோந்தான். மூக்குச் சிவக்க அழத் தொடங்கினான்.

அடுத்த களவுக்கும் ஆள் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டு ரிப்பனை அவிழ்த்து எறிந்தேன். அவன் அதை எடுத்து, எண்ணெய் மணக்க முகத்தில் ஒருதரம் ஒற்றிவிட்டு, பலகையில் அதன் இடத்தில் ஒட்டினான். என்னைத்தான் திருப்பிக் கேட்டான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.