பட்டறையில் நின்ற இரண்டு படகுகள்

தேயிலை விலை விழுந்த வருஷங்களில் எங்கள் மலையூர் எமரால்டில் ஆளாளுக்கு ஒரு தொழிலுக்குத் தாவினார்கள். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போனார். பச்சை இலை வாங்கும் ஒரு ஃபேக்டரியில் எடை போடுகிற குமாஸ்தா அவர். அதை மூடிய பிறகு மீன்பிடி உரிமம் எடுத்து, பரிசலில் எங்கள் ஊர் அணைக்குள் போய்க் கெண்டைக்கு வலை விட ஆரம்பித்தார். நீச்சல் என்றால், கோயம்புத்தூர்ப் பக்கம் சின்ன வயதில் கிணற்றில் பழகியதுதான்.

எங்கள் ஊர் ஆடிக்காற்றில் தகரக் கூரை மேல் வைத்த கல்லும் உருண்டு விழும். அந்தக் காற்றில் ஒருநாள் பரிசல் கவிழ்ந்தது. தண்ணீருக்குள் நின்ற பட்டமரம் ஒன்றைப் பிடித்துத் தொங்கியவரை இன்னொரு பரிசல்காரர் கரைக்கு இழுத்து வந்தார். வீட்டுக்கு வந்து, "வழுக்கீருச்சு" என்றார். வழுக்கினால் தலைமுடியெல்லாம் பாசியா இருக்கும்?

"இனிப் பரிசல்ல கால் வெச்சீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

அப்படித்தான் அலுமினியப் படகு என்ற பேச்சு வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் இரண்டு தயாராக இருந்தன. ஒன்று சிறியது, விளிம்பு முழங்கால் உயரம்கூட இல்லை. மற்றது நல்ல நீளம், அகலம், விளிம்பும் உயரம். இவர் குனிந்து குனிந்து சின்னதையே தட்டிப் பார்த்தார். "இதே போதும்" என்றார்.

"ஏனுங்க, நம்ம காத்துக்கு இதுல அலை ஏறாதுங்களா?" என்று நான் பட்டறைக்காரரைக் கேட்டேன்.

"அம்மிணி சொல்றது செரிதானுங்க. பெருசுதான் அலைக்கு நிக்கும். ஆனா ஒருத்தரே பின்னால உக்காந்தா மூக்கத் தூக்கிக்கும். காத்து அப்பிடியே திருப்பிப் போட்ரும். முன்னால ஒராள் வேணுமுங்க. கல்லுகில்லு வெச்சுப் போடாதீங்க, தண்ணி ஏறுச்சுன்னா படகே அடிக்குப் போயிரும்."

"கேட்டியல்ல? நான் தனியாத்தான போறேன், சின்னதே போதும்" என்றார் இவர்.

"எமரால்டுல ஒராள் கெடைக்காமயா போயிரும்? பெருசே குடுங்கண்ணா" என்றேன்.

மலையேறும் வரை அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நினைத்தது நடந்துவிட்டது, அப்புறம் பேச்சு எதற்கு?

ஆள்தான் கிடைக்கவில்லை. வயசுப் பையன்கள் எல்லாம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்குக் காய்கறித் தோட்டத்தில் வேலை. இவரும் ஒரு யோசனை பண்ணினார். அந்த வாரம் எங்கள் வீட்டுப் பின்னால் பறித்த தேயிலையை எந்த ஃபேக்டரியும் எடுக்கவில்லை. பாரமாகவும் இருக்கும், தண்ணீரில் மிதக்கவும் செய்யும் என்று அதைச் சாக்குகளில் திணித்து, படகின் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டார். லாரியில் இலை ஏற்றிப் பழகின புத்தி. மூட்டை என்றால் அடுக்கத்தானே தோன்றும்!

மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நான் கரைக்குப் போனபோது, அந்த அடுக்கைக் காற்று பாய்மரம்போல் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. படகு செக்குமாடு மாதிரி சுற்றியது. இவர் துடுப்போடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கரை சேர்ந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. மூட்டைகளை இழுத்துக் கீழே போட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு."

"ஏனுங்க, நான் ஒரு மூட்டைக்குக் காணமாட்டனா?"

அவர் சிரிக்கவில்லை. முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டா பாப்பாளுக்கு ஆரு இருக்கா? அதுக்குத்தான் அன்னைக்குத் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், சின்னதே போதும்னு."

கவிழ்ந்தால் தான் மட்டும் போகிற மாதிரி ஒரு படகு பார்த்திருக்கிறார் மனுஷன். எனக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்க போயிட்டா மட்டும் எங்களுக்கு ஆரு இருக்கா? அத யோசிச்சீங்களா?"

அவர் கீழே கிடந்த மூட்டைகளைக் காலால் ஒதுக்கிவிட்டுத் துடுப்பை எடுத்தார். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து, கரையை உந்தித் தள்ளினார். படகு நேராகப் போயிற்று.