ஹரி என்றால் முடிந்தது

சென்ற கிழமை பாலாவியில் ஒரு கராஜில் அவமானப்பட்டேன். காருக்குப் பிரேக் வேலை. சில்லுகளைக் கழற்றியதும், யாரும் கேட்காமலே சாரதி ஆசனத்தில் ஏறி, பெடலில் காலை வைத்துக்கொண்டு கட்டளைக்காகக் காத்திருந்தேன். கராஜ்காரர் கண்ணாடியைத் தட்டினார். "சேர், இறங்குங்க. பிரேக்குல உள்ள காத்த மெசின் எடுக்கும்." மெத்தப் படித்தவனின் முகத்தோடு இறங்கிப் பிளாஸ்டிக் கதிரையில் போய் இருந்தேன்.

ஆனால் பிரேக் ஒயில் மணம் என்னை அங்கே இருக்க விடவில்லை. மீனுமில்லாத மருந்துமில்லாத அந்த மணம், யுத்தம் முடிந்து மன்னாருக்குக் காட்டுப் பாதை திறந்திருந்த நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்போது என்னிடம் ஒரு பழைய வான் இருந்தது. சீட் உறையின் நிறத்துக்காக வாங்கினேன். நீங்கள் சிரிக்கலாம்; விற்றவரும் சிரித்தார். உப்பளக் காற்று அதன் அடிப்பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. வெடித்த பிரேக் குழாயை மாற்றி, உள்ளே புகுந்த காற்றை எடுக்கிற வேலை மட்டும் மிச்சமிருந்த காலையில் தொலைபேசி வந்தது. மாமா மவுத்து. உம்மாவின் ஒரே தம்பி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்களோடு புத்தளத்துக்கு வந்தவர், யுத்தம் முடிந்ததும் தனியாகத் திரும்பிப் போய், காடு பிடித்த காணியை வெட்டித் தகரக் கொட்டில் போட்டிருந்தார்.

"பின்னேரம் அசர் தொழுகையோட அடக்கம். அதுக்கு மேல வைக்க ஏலாது" என்றார்கள்.

உம்மாவுக்கு முகம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. வாடகைக்குக் கேட்டவர்கள் மழைச் சேற்றைச் சொல்லி மறுத்தார்கள்.

வேலை செய்தவர் முந்தல் பக்கத்துச் சிங்களவர். எங்களுக்கு அவர் 'பாஸ்'. காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் நிப்பல் என்ற சின்னத் திருகைத் திறப்பார். குமிழோடு ஒயில் சீறும். நிப்பலை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். நான் ஒயில் ஊற்றிக்கொண்டு நிற்க, உம்மா ஏறி உட்கார்ந்தார்.

"நான் மிதிக்கிறன் மகன். சும்மா இருக்க எனக்கு ஏலாது."

அழுதுகொண்டே மிதித்தார். கீழேயிருந்து ஒவ்வொரு தடவையும் "ஹரி" என்று பாஸின் குரல் வந்தது; சிங்களத்தில் 'சரி'. நாலு சில்லும் முடிந்தன; பெடல் பஞ்சுபோல் இறங்கியது. மறுபடியும் முதலிலிருந்து. நடுப்பகல் லுஹர் பாங்கும் சொல்லியாயிற்று. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும் என்று பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்த நான், புதுக் குழாய் பழுதென்று பாஸோடு சண்டைக்குப் போனேன். பாஸ் பதில் சொல்ல வாய் திறந்தவர், பெடலை விட்டு எழும்பும் உம்மாவின் செருப்பைப் பார்த்துவிட்டார்.

"அம்மே! காலை ஏன் எடுக்கிறது?"

"நீங்கதானே ஹரி எண்டீங்க."

"ஹரி எண்டா தொறந்தாச்சி. நல்லாப் புடிச்சிட்டு இருங்க எண்டு."

"எங்கட ஊட்டுல ஹரி எண்டா முடிஞ்சிது, மகன்."

நிப்பல் திறந்திருக்கும்போதே கால் எழும்ப, போன காற்றெல்லாம் அந்த வழியாலேயே உள்ளே வந்திருக்கிறது. வெளியேற்றப்பட்ட ஒன்று இத்தனை சுலபமாகத் திரும்பி வந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு 'புடி', 'விடு' என்று பேசிக்கொண்டார்கள். "விடுங்க அம்மே" என்று பாஸ் இரண்டு தடவை சொன்ன பிறகே உம்மா காலை எடுத்தார். கடைசியில் பெடல் கல்லுப்போல நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியில் ஈர மண். யாரோ ஒரு பெண் உம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். உம்மா குடிக்கவில்லை. ஆறும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த வான் இப்போது இல்லை. கொட்டிலைக் காடு எடுத்துக்கொண்டது. பாதையையும் பிறகு மூடினார்கள். கீழே இருப்பவர் சொல்ல மேலே இருப்பவர் மிதிக்கும் அந்தக் கதையும் மெசின் வந்ததோடு முடிந்தது. உம்மாவும் இல்லை.

மாமாவை அடக்கியதற்கு அடுத்த கிழமை உம்மாவை அந்த வானில் சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

"பிரேக் இப்ப நல்லாப் புடிக்கிது உம்மா. மன்னாருக்குப் பயமில்லாமப் போகலாம்."

உம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஓம், புடிக்கிது. இனி அங்க ஆருட்டப் போற?"